பிந்தி விழும் அடி

ஜூன் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதுவது. நாங்கள் எல்லோரும் நலம். நலம் என்றால், ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை என்கிற அளவுக்கு நலம். நீ, அண்ணி, அம்மா மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதா?

ஒரு நல்ல சேதி. கொட்டகையில் ஒற்றை மைக்கைக் கூரையிலிருந்து தொங்கவிட்டுப் பதிந்தோமே, "வருகிறேன்" பாட்டு, அந்த கேசட்டைக் கேட்டுத்தான் கம்பெனிக்காரர்கள் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இசைத்தட்டில் அதுதான் முதல் பாட்டாம். ரேடியோவுக்கும் அதைத்தான் கொடுப்பார்களாம். ஆனால் கொட்டகைப் பதிவை அப்படியே தட்டில் ஏற்ற முடியாது, பின்னால் மழை பெய்கிற சத்தமெல்லாம் கேட்கிறது. அதனால் ஸ்டுடியோவில் மறுபடி முதலிலிருந்து பதிய வேண்டும்.

எங்களுக்கு வாய்த்த ஒலிப்பதிவாளர் எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு "இன்னொரு தடவை" என்கிறார். வந்த அன்றே அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. அந்த மனிதர் நம் கேசட்டைப் போட்டுக் கேட்டுக்கொண்டே வந்தவர், மூன்றாவது சரணம் வந்ததும் கையை உயர்த்தி எல்லோரையும் சும்மா இருக்கச் சொன்னார். "கதவைத் தாழிடாதே, விளக்கை அணைக்காதே" என்று நான் பாட, உன் இடது கை அடி ஒரு இம்மி பிந்தி விழுமே, அந்த இடம். அடுத்த வரியிலும் அதே போலப் பிந்தும்.

"யாருய்யா இந்த டிரம்மர்? பாட்டை முன்னால போகவிட்டுட்டுத் தான் பின்னால மெதுவா வர்றான். நடந்து வர்ற ஆளு கண்ணுக்குத் தெரியுறான்யா. இதுதான் பாட்டு. மத்ததெல்லாம் இதுக்கு வாசப்படி," என்றார்.

"எங்க அண்ணன்," என்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நீயே வந்து அடித்துக் கொடேன். ஒரு வாரம் போதும். "அண்ணி விட்டாத்தானே வருவான்" என்கிறான் நெட்டையன். அவன் வாயைப் பற்றி உனக்குத் தெரியாததா? பேஸ் கிட்டார் வாசிக்கிறவனுக்கு விரலுக்கு வேலை குறைவு, நாக்குக்கு அதிகம்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். உடனே பதில் போடு.

உன் தம்பி

*

ஜூன் 19

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் மாடிப்படியைக் கண்டால் மட்டும் வலிக்கிறது, சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்பும்போது வலிப்பதில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள். உன் சேதியைச் சொன்னேன். "ஒரே பாட்டை எத்தனை தடவைடா பாடுவீங்க? முதல் தடவையே ஒழுங்கா பாடித் தொலைச்சிருக்கலாமே," என்கிறாள்.

எனக்கு வர முடியாது. புதிதாகக் கட்டுகிற பள்ளிக்கூடத்துக்கு ஜன்னல் கண்ணாடி முழுக்க எங்கள் கடைதான் போடுகிறது. வெட்டுவதற்கு ஆள் போதவில்லை. போன வாரம் ஒரு பெரிய கண்ணாடி என் கையிலிருந்தே நழுவிவிட்டது. யானைக்கும் அடி சறுக்கும். முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அண்ணியைக் குறை சொல்ல வேண்டாம் என்று நெட்டையனிடம் சொல். உனக்கும் சேர்த்துத்தான்.

அந்த மூன்றாவது சரணத்தை அப்படியேதான் எடுக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? நேராக அடிக்கச் சொல்லுங்கள். நம் கூட்டத்தில் எனக்குக் "கடிகாரம்" என்று பெயர் வைத்ததே நீதான். நேரம் தவறாதவன் என்று பெயர் வாங்கியவனை நேரம் தவறிய இடத்துக்காகப் புகழ்கிறார் உன் ஒலிப்பதிவாளர். நல்ல காது.

பாட்டு நன்றாக அமையட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

ஜூலை 11

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நாடுவதும் அதுவே. தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது. கண்ணாடி உடைந்ததில் உனக்குக் கையில் ஒன்றும் படவில்லையே? அதைப் பற்றி நீ எழுதவே இல்லை.

நீ வராததால் கம்பெனியே ஒரு டிரம்மரைப் பிடித்துக் கொடுத்தது. மடிப்புக் கலையாத சட்டை, பளபளக்கும் செருப்பு, தலையில் ஒரு முடி இடம் மாறாது. "மாப்பிள்ளை" என்று கூப்பிடுகிறோம். கோபித்துக்கொள்வதில்லை. நல்ல பையன், நல்ல கை.

ஸ்டுடியோவில் நாம் முன்பு வாசித்த மாதிரி எல்லோரும் சேர்ந்து நின்று வாசிப்பதெல்லாம் கிடையாது. பாகம் பிரித்த வீடு மாதிரி ஆளுக்கொரு அறை. சுவரெல்லாம் கம்பளி. நடுவில் கண்ணாடி. முதலில் டிரம்ஸ் மட்டும் பதிகிறார்கள், அதன்மேல் பேஸ், அதன்மேல் கிட்டார், கடைசியில் பாட்டு. எல்லோர் காதிலும் ஹெட்ஃபோனை மாட்டி உள்ளே ஒரு இயந்திரம் "டிக் டிக்" என்று தாளம் தட்டிக்கொண்டே இருக்கிறது. அதைவிட்டு நகரக் கூடாது. வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் காதுக்குள் அதே டிக் டிக்.

பாட்டும் முன்பு போல இல்லை. என் குரல் உச்சியில் கிழிகிறது என்று சுருதியை இறக்கினார்கள். சுருதி இறங்கியதும் பாட்டு சோம்பியது, அதனால் வேகத்தைக் கூட்டினார்கள். வேகம் கூடியதும் ஆரம்பத்தில் நான் வாசிக்கிற நீளமான கிட்டார் பொருந்தவில்லை, அதை வெட்டினார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், முதல் இரண்டு சரணமும் இப்போது கேட்க ஜோராக இருக்கிறது.

மூன்றாவதுதான் வரவில்லை. மாப்பிள்ளை டிக் டிக்கோடு அச்சடித்த மாதிரி அடிக்கிறான். டிக் டிக்கை நிறுத்திவிட்டுப் பிந்தச் சொன்னால் தூக்கக் கலக்கத்தில் அடிப்பது போல இருக்கிறது. "ஹெட்ஃபோன் சரியில்லை சார்" என்கிறான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அண்ணா, அந்த இடத்தில் நீ என்ன செய்வாய்? கையை உயரத் தூக்குவாயா? மனதுக்குள் ஏதாவது எண்ணுவாயா? தொழில் ரகசியம் என்று மறைக்காமல் எழுது.

உன் தம்பி

*

ஆகஸ்ட் 2

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சுகம். உன் தொண்டைக்கு வெந்நீர் குடி, ஐஸ் போட்டதைத் தொடாதே. அம்மா சொல்லச் சொன்னது இது, நான் சொன்னால் நீ கேட்கப்போவதில்லை.

அந்த இடத்தில் என்ன செய்வேன் என்று கேட்கிறாய். ஒன்றும் செய்யவில்லை. எல்லா இடத்திலும் அடித்ததைப் போலத்தான் அடித்தேன்.

மாப்பிள்ளையைப் பாடாய்ப் படுத்தாதீர்கள். அவன் வேலையை அவன் ஒழுங்காகச் செய்கிறான். சரியாக அடிக்கிறவனைத் தப்பாக அடிக்கச் சொல்லித் திட்டுவது எந்த ஊர் நியாயம்?

அண்ணிக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாள் திருத்துகிற வேலை. கடையில் எனக்கு இப்போது வெட்டுகிற வேலை குறைவு. வேறு எழுத ஒன்றும் இல்லை.

அண்ணன்

*

ஆகஸ்ட் 16

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா? உன் கடிதத்தைப் படிக்க ஜன்னலோரம் போய் நிற்க வேண்டியதாயிற்று. ஏன் இப்படிப் பொடியாக எழுதியிருக்கிறாய்? ஆரம்பத்தில் எழுத்து கடுகு அளவு, கடைசி வரிக்கு வரும்போது அதையும் காணோம். தாள் விலை ஏறிவிட்டதா, அல்லது கல்யாணம் ஆனதும் சிக்கனம் வந்துவிட்டதா?

இங்கே அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருக்கிறோம். "இன்னொரு தடவை" ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து டேப்பையே பிளேடால் வெட்டினார். மூன்றாவது சரணத்தில் அடி விழுகிற இடத்துக்குச் சற்று முன்னால் வெட்டி, நகத்தளவு வெற்று டேப்பை வைத்து ஒட்டினார். போட்டுக் கேட்டால் பாட்டுக்கு விக்கல் எடுத்த மாதிரி இருந்தது. நகத்தளவில் பாதி வைத்தார். சின்ன விக்கல். அவரே எரிச்சலில் ஹெட்ஃபோனைக் கழற்றி வீசிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அலுத்துவிட்டது அண்ணா. இந்தப் பாட்டை நான் இனி ஆசைப்பட்டுப் பாடுவேனா என்று தெரியவில்லை. "வருகிறேன்" என்று வாயைத் திறந்தாலே கொட்டாவி வருகிறது. நெட்டையன் வாசித்து முடித்த கையோடு பெஞ்சில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிடுகிறான். ஆனால் அந்த ஒரு இடம் இல்லாமல் இந்தப் பாட்டை வெளியே விட ஒலிப்பதிவாளருக்கும் மனசில்லை, எனக்கும் இல்லை. ஒருவேளை நாங்கள் தட்டெல்லாம் போட்டுப் பெயர் வாங்கினால், அது உன் அடியோடு வாங்கினதாக இருக்க வேண்டும்.

உண்மையைச் சொல். நீ ஏதோ தெரிந்தும் சொல்ல மாட்டேன் என்கிறாய். பேண்டை விட்டுப் போனவன் எதற்கு உதவ வேண்டும் என்று நினைக்கிறாயா? எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அம்மாவுக்கும் அண்ணிக்கும் என் அன்பு.

உன் தம்பி

*

செப்டம்பர் 20

அன்புள்ள தம்பிக்கு,

நான் சொல்ல அண்ணி எழுதுகிறாள். கண்ணாடி கீறிக் கட்டைவிரலில் கட்டுப் போட்டிருக்கிறது, அதனால்தான். கவலைப்பட ஒன்றுமில்லை. பதில் எழுதத் தாமதமானதற்கும் அதுதான் காரணம். எழுத்து இப்போது படிக்கும்படி இருக்கும், டீச்சர் கையெழுத்து.

உன் மேல் எனக்கு என்னடா கோபம்? நீ அப்படி எழுதியதைப் படித்ததிலிருந்து மனது சரியில்லை. அதனால் சொல்கிறேன்.

மாப்பிள்ளை பிந்த நினைக்கிறான், அதுதான் தப்பு. பிந்த நினைத்து அடித்தால் நடிப்பு மாதிரித்தான் இருக்கும். நேரத்துக்கு அடிக்கவே பார்க்க வேண்டும். உயிரைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் கை மட்டும் கனமாக இருக்க வேண்டும். சொன்ன பேச்சைக் கேட்காத கை மாதிரி. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதற்கு மேல் கேட்காதே.

அம்மா நன்றாக இருக்கிறாள். நீ மெலிந்துவிட்டாய் என்று பார்க்காமலே சொல்கிறாள்.

அண்ணன்

*

அக்டோபர் 1

அன்புள்ள அண்ணனுக்கு,

கட்டைவிரல் ஆறிவிட்டதா? உன் கட்டைவிரலுக்குக் கோயில் கட்ட வேண்டும். பாட்டு வந்துவிட்டது!

உன் கடிதத்தை எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டினேன். "கை கனமா இருக்கணுமாம், கேளுங்க," என்றேன். நெட்டையன் சட்டென்று எழுந்து போய் ஒரு பெரிய துண்டைத் தண்ணீரில் முக்கிக்கொண்டு வந்தான். பிழியாமல் அப்படியே மாப்பிள்ளையின் இடது மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டான். "இப்ப அடிடா. பிந்தக் கூடாது. சரியா அடி," என்றோம்.

பாவம், அவன் பட்ட பாட்டை நீ பார்த்திருக்க வேண்டும். வலது கை பறக்கிறது, இடது கை சேற்றில் புதைந்த கால் மாதிரி இழுத்துக்கொண்டு வருகிறது. பல்லைக் கடிக்கிறான், தோளைத் தூக்குகிறான், மடிப்புச் சட்டையெல்லாம் நனைந்து தொப்பல். தன் கையையே முறைத்துப் பார்க்கிறான், "உனக்கு என்ன கேடு" என்று கேட்பது போல. நாங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தக் கையைப் பார்த்து நெட்டையன் "கெழட்டுக் கை, கெழட்டுக் கை" என்று நடித்தும் காட்டினான்.

ஆனால் ஒலிப்பதிவாளர் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்டுவிட்டு, "வந்துருச்சுய்யா," என்றார். கிட்டத்தட்ட நீதான் அண்ணா. நீ அடித்தது போலவே இருக்கிறது.

இன்னும் கொஞ்சம் சீர் செய்துவிட்டு மேலே குரலைப் பதிய வேண்டும். இத்தனை மாத அலுப்பும் ஒரே நாளில் போய்விட்டது. உடனே எழுது, நீ என்ன நினைக்கிறாய் என்று தெரிய வேண்டும்.

உன் தம்பி

*

நவம்பர் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நலம்தானே? பதிலே இல்லை. தபாலில் தொலைந்துவிட்டதோ என்று பார்த்தேன். நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? ஒரு வரி போட்டால் போதும்.

தம்பி

*

நவம்பர் 14

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. அத்தை நலம். நானும் நலம். உங்கள் அண்ணன் நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. போன கடிதத்தை அவர் சொன்னபடி எழுதினேன், இதை மட்டும் நானாக எழுதுகிறேன். எழுதுவது அவருக்குத் தெரியும்.

கட்டைவிரலில் காயம் ஒன்றுமில்லை. அவருக்கு நரம்பில் கோளாறு. இடது கையில் ஆரம்பித்து இப்போது வலது கைக்கும் வந்திருக்கிறது. மூளை சொல்வது கைக்குப் போய்ச் சேரத் தாமதமாகிறது என்று டாக்டர் சொன்னார். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் பழையபடி ஆகாது, மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். எழுத்து பொடியாவதும் இதனால்தான். கடையில் கண்ணாடி வெட்ட விடுவதில்லை. முதலாளி நல்லவர், வருகிறவர்களிடம் பேசி அளவு கேட்கிற வேலையைக் கொடுத்து உட்காரவைத்திருக்கிறார்.

இது இன்று நேற்று வந்ததல்ல. கொட்டகையில் அந்தப் பாட்டைப் பதிந்துவிட்டுத் திரும்பப் போட்டுக் கேட்டபோது நீங்கள் எல்லோரும் மூன்றாவது சரணத்துக்குக் கைதட்டினீர்களாம். அவர் மட்டும் தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். ஏனென்றால் அவர் சரியான நேரத்துக்குத்தான் அடித்தார். கைதான் பிந்தி வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு தடவை வாசிக்கும்போதும் அந்த இடத்தில் நேராக அடிக்கப் பார்த்தார், முடியவில்லை. கேசட்டில் செய்ததைப் போலவே நீங்கள் எல்லோரும் அவருக்காக நின்று நின்று வாசித்தீர்கள், அதுவே பாட்டின் அழகு என்று பெயராகிவிட்டது. அவரால் மறுக்கவும் முடியவில்லை.

கல்யாணத்துக்கு முன்பே என்னிடம் சொல்லிவிட்டார். "கையில ஏதோ இருக்கு. என்னன்னு தெரியல. யோசிச்சுக்கோ," என்றார். யோசித்துத்தான் வந்தேன். பேண்டை விட்டதற்குக் கல்யாணம்தான் காரணம் என்று மற்றவர்கள் நினைக்கட்டுமா என்று கேட்டார். சரி என்றேன். புதிதாக வீட்டுக்கு வந்தவள் மேல் பழி போடுவது எல்லோருக்கும் சுலபம். ஆனால் தம்பி, உங்கள் கடிதத்தில் "அண்ணி விட்டால்தானே" என்று வந்தபோது எனக்குக் குத்தாமல் இல்லை. இதை ஒருமுறை சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது, சொல்லிவிட்டேன்.

ஈரத் துண்டைக் கட்டிய கதையை நீங்கள் எழுதிய கடிதத்தை நான்தான் சமையலறையில் உரக்கப் படித்தேன். அத்தை வாய்விட்டுச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். படித்து முடித்த பிறகு எழுந்து போய் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் உங்களுக்கு எழுதலாமா என்று நான் கேட்கும்போதெல்லாம் "அப்புறம்" என்றார்.

உங்கள் மேல் கோபமில்லை. உங்களுக்குத் தெரியாதே. கீழே அவரே எழுத வேண்டும் என்கிறார். பொறுமையாகப் படியுங்கள்.

அண்ணி

தம்பி, அதை எடுத்துவிடு. நேராக அடிக்கச் சொல். நான் ஒருநாளும் பிந்தி அடித்ததில்லை. கை செய்ததற்கு என் பெயரைச் சொல்லாதே. பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புவேன். கடிகாரம்.

*

நவம்பர் 30

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

மருந்தைத் தவறாமல் சாப்பிடுகிறாயா அண்ணா? தூக்கம் வருகிறதா? இத்தனை நாள் சும்மா சம்பிரதாயத்துக்கு "நலமா, நலமா" என்று எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது நிஜமாகவே கேட்கிறேன்.

கடிதத்தைப் படித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் வரை போய்விட்டேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும் விட்டேன். கடைசியில் நீ எழுதிய நான்கு வரியைத் திரும்பப் படித்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. எழுத உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நினைத்ததும் இறங்கிவிட்டேன். நடைமேடையில் நின்று அழுதேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

அந்தக் கையைப் பார்த்துத்தான் நாங்கள் சிரித்திருக்கிறோம். நெட்டையனிடம் மட்டும் சொன்னேன். அவன் வாயை அடைத்த ஒரே மனிதன் நீதான். அண்ணியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறான். அண்ணி, நானும்தான் கேட்கிறேன். அவனாவது வாயால் சொன்னான், நான் அதைச் சிரித்துக்கொண்டே தாளில் எழுதி அனுப்பினேன்.

ஸ்டுடியோவில் போய், மூன்றாவது சரணத்தை நேராக அடித்துப் பதிய வேண்டும் என்றேன். ஒலிப்பதிவாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்குக் கிறுக்கா? வராத வரைக்கும் வரல வரலன்னு உயிரை எடுத்தே. இப்ப வந்த பிறகு வேணாம்கிற. காரணம் சொல்லு."

சொல்லவில்லை. சொன்னால் அவருக்கு அந்த இடம் இன்னும் பிடித்துப்போகும். கதையோடு சேர்த்து விற்கலாம் என்பார்கள் கம்பெனிக்காரர்கள். "இது எங்க வீட்டுப் பாட்டு சார். நான் சொல்றபடிதான் இருக்கணும்," என்றேன். வாக்குவாதம் முற்றியது. இப்படிப் போட்டால் முதல் பாட்டாக வராது என்றார்கள். வராவிட்டால் போகட்டும் என்றேன். இப்போது தட்டில் கடைசிக்கு முந்தின பாட்டு அது. ரேடியோவுக்கு வேறு ஒன்று போகிறது, ஆட்டம் போடுகிற மாதிரி ஒன்று.

மாப்பிள்ளைக்குத்தான் சந்தோஷம். துண்டில்லாமல் டிக் டிக்கோடு ஒரே மூச்சில் அடித்துவிட்டான். ஒலிப்பதிவாளர் "இன்னொரு தடவை" கேட்கவில்லை. "போதும், கிளம்புங்க," என்றார்.

பாட்டு சாதாரணமாக இருக்கிறது அண்ணா. பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் தட்டின் பின்னால் "தாள அமைப்பு" என்று உன்னைத்தான் போடச் சொல்லியிருக்கிறேன். அதில் ஒரு அடிகூட நேரம் தவறவில்லை. மிச்ச வேலை முடிந்ததும் அடுத்த பஸ்ஸில் வருகிறேன். வாசலோடு அனுப்பினால் வாசலிலேயே படுத்துக்கொள்வேன்.

தம்பி

*

ஜனவரி 26

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் வந்து தங்கிவிட்டுப் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று இருக்கிறது. சேர்ந்ததும் எழுதியிருப்பீர்கள் என்று நினைத்தோம். கச்சேரிகளில் அலைச்சலாக இருக்கும், சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள். இங்கே அத்தை சுகம். உங்கள் அண்ணனுக்கும் பரவாயில்லை. மருந்து மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பொத்தான் போட நேரமாகிறது, நான் போட்டுவிடப் போனால் கோபம் வருகிறது. கோபம் வருவதே நல்லதுதான் என்று விட்டுவிடுகிறேன்.

இசைத்தட்டு வந்து சேர்ந்தது. அவர் முதலில் பின்னட்டையைத்தான் பார்த்தார். தன் பெயர் இருக்கும் இடத்தை விரலால் தடவிவிட்டு என்னிடம் கொடுத்தார். பக்கத்து வீட்டிலிருந்து தட்டுப் போடும் பெட்டியை வாங்கி வந்து கூடத்தில் வைத்தோம். மற்ற பாட்டையெல்லாம் தாண்டி நம் பாட்டைப் போடச் சொன்னார்.

டாக்டர் இடது கைக்கு எப்போதும் ஏதாவது வேலை கொடுக்கச் சொல்லியிருக்கிறார் அல்லவா? அந்தக் கையால் நாற்காலிக் கைப்பிடியில் தட்டிக்கொண்டே கேட்டார். முதல் சரணம் சேர்ந்தே போனது. இரண்டாவதிலும் எப்படியோ ஒட்டிக்கொண்டு போய்விட்டார். முகம் நன்றாக இருந்தது, உங்களுக்கு எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன்.

மூன்றாவதில் கை பின்னால் விழுந்தது. எட்டிப்பிடிக்கப் பார்த்தார். உடம்பையே முன்னால் சாய்த்துப் பார்த்தார். பாட்டு தன் பாட்டுக்குப் போய்விட்டது. கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். பாட்டு முடியும்வரை அசையவில்லை.

"நல்லா இருக்குடா," என்றார்கள் அத்தை.

"ஆமா. சரியா இருக்கு. எங்கயும் நேரம் தவறல," என்றார். நீங்கள் அவர் சொன்னதைத்தான் செய்தீர்கள், தம்பி. உங்கள் மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. உங்களுக்கு வந்திருக்க வேண்டிய பெயரையே விட்டுக்கொடுத்துச் செய்தீர்கள் என்று அவருக்கும் தெரியும். அதை நினைத்து நான்தான் அழுதேன்.

சாப்பிட உட்காரும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்தக் கொட்டகை கேசட்டு அவன்கிட்ட இருக்கான்னு கேளேன்."

"மழைச் சத்தமா கேக்குமே, அது எதுக்கு?" என்றேன்.

"அதுல எனக்காக நிப்பானுங்க," என்றார்.

இருந்தால் அனுப்பிவையுங்கள்.

அண்ணி